கிளாராவுக்கு ஒரு கறுப்புப் பந்தல்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வெளிச்சத்துக்காக வருகிறவர்கள். மலை உச்சியில் தீபம் பார்க்க வருவார்கள். பௌர்ணமி நிலாவில் மலை சுற்ற வருவார்கள். உள்ளுக்குள் ஏதோ ஒரு விளக்கு ஏறும் என்று நம்பி விமானம் பிடித்து வந்து செங்கம் ரோட்டில் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குவார்கள். இப்படிப்பட்ட ஊரிலேயே பிறந்து வளர்ந்து, வெளிச்சத்தைப் பரம விரோதியாக நினைத்த ஒரே மனிதர் இருட்டு பாய். சித்திரை மாத உச்சி வெயிலில், ஒரு மணி நேரத்துக்குள் கும்மிருட்டு உண்டாக்கித் தரக்கூடியவர் தமிழ்நாட்டிலேயே அவர் ஒருவர்தான் என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அவருடைய உண்மையான பெயர் கடைப் பலகையில் பச்சை எழுத்தில் இருக்கிறது. யாரும் அதைப் படித்ததில்லை. தாத்தா காலத்திலிருந்து பந்தல் வாடகைத் தொழில். கல்யாணம், காதுகுத்து, அன்னதானம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் இந்த ஊர்க்காரர்களின் தலைக்கு மேல் ஆடுவது பாய் வீட்டுச் சாமியானாதான். அதில் யாருக்கும் குறை இல்லை. குறையெல்லாம் அவர் கிடங்கின் கடைசியில் அடுக்கி வைத்திருந்த கறுப்புத் துணியைப் பற்றித்தான்.

கறுப்புத் துணியை எந்தப் பந்தல்காரரும் இருப்பு வைக்க மாட்டார். கல்யாண வீட்டுக்காரர் அதைக் கண்ணால் பார்த்தாலே அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார். கோயில் காரியத்துக்கு ஆகாது. பாயோ பழைய சாமியானாக்களைச் சாயத்தில் முக்கி எடுத்து, இரட்டையாக மடித்துத் தைத்து, வாடகைக்கே போகாத அந்தத் துணிக்குப் பாச்சை உருண்டை வேறு போட்டுப் பாதுகாத்தார். அது மாடுகளுக்கு.

விஷயம் இதுதான். மலையடிவாரம் முழுக்க உண்ணிச்செடி மஞ்சளும் ரோஸுமாகப் பூத்துக் கிடக்கும். தண்டில் சொரசொரவென்று முள், கசக்கினால் மூக்கைத் துளைக்கும் நெடி. புல் இருக்கிற காலத்தில் எந்த மாடும் அதைச் சீண்டாது. கோடையில் தரை காய்ந்து, வயிறு காய்ந்து போனால் தின்றுவிடும். தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும், வயிறு ஓடாமல் நின்றுவிடும், கண் மஞ்சளாகும். அப்புறம் வெயில் பட்டால் போதும், தோல் வெந்து உரியும். மாட்டு டாக்டர் மருந்து கொடுப்பார். ஆனால் அந்த மாட்டை மூன்று வாரம் சூரியனிடமிருந்து யார் ஒளித்து வைப்பது? ஓலைக் கொட்டகையில் ஆயிரம் பொத்தல். அந்த வேலையைப் பாய் எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை.

“மருந்து டாக்டரம்மா பாத்துக்குவாங்க. இருட்டு நான் பாத்துக்குறேன்” என்பார். மருந்து விஷயத்தில் ஒரு நாளும் மூக்கை நுழைத்ததில்லை. இருட்டு விஷயத்தில் டாக்டரையும் நம்பியதில்லை. எப்போதும் கக்கத்தில் அன்றைய பேப்பர் இருக்கும். பந்தல் கட்டி முடித்ததும் உள்ளே போய், பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் பிடிப்பார். தலைப்புச் செய்தியைப் படிக்க முடிந்தால் அது இருட்டே இல்லை, அவிழ்த்து மறுபடியும் கட்ட வேண்டும். செய்தி நல்லதா கெட்டதா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. படிக்க முடியவில்லை என்றால் மட்டும் சந்தோஷப்படுவார்.

இன்னொரு பழக்கம், மாடுகளிடம் வாங்க போங்க, மனிதர்களிடம் யோவ். ஒருமுறை ஒரு கல்யாணத்தில் தெற்குப் பக்கம் மறைப்புத் துணி இல்லை. மாப்பிள்ளை வீட்டார் மேல் வெயில் அடிக்கிறது. பெண்ணின் அப்பா கொதித்துப்போய் வந்தார்.

“பாய், மறைப்பு எங்க பாய்?”

“அடி அண்ணாமலைல ஒரு அம்மாவுக்குக் கட்டிட்டேன். ரொம்ப உடம்பு சரியில்ல அவங்களுக்கு.”

பெண்ணின் அப்பா இளகிவிட்டார். “அடடா. என்னங்க உடம்புக்கு?”

“நாலு நாளா சாணி போடல.”

அதற்கப்புறம் அங்கே நடந்ததை எழுதினால் இந்தப் பத்திரிகை வீட்டுக்குள் நுழையாது. கடைசி வரை பாய் சொன்னது ஒன்றுதான். “ஒரு மணி நேரம் வெயில்ல உக்காந்தா மாப்ள கறுத்துப் போவாரு, பவுடர் போட்டுக்கலாம். அவங்களுக்குத் தோலு உரியும் சார்.”

யாரோ பெரிய மனிதர் ஊருக்கு வந்த நாளில் இவர் வண்டி நிறையக் கறுப்புத் துணியோடு கிரிவலப் பாதையில் போக, போலீஸ் மடக்கிவிட்டது. கறுப்புக்கொடி காட்டப் போகிறார் என்று சந்தேகம். “மாட்டுக்குய்யா” என்றிருக்கிறார். “மாடு யாரை எதிர்த்துப் போராடுது?” என்று கேட்டார் அதிகாரி. “வெயில” என்றார் பாய். ஒரு கான்ஸ்டபிளை வண்டியில் ஏற்றி அனுப்பி விசாரித்தார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு, “உண்மைதாங்க சார், மாடுதான். பாவமா இருக்குதுங்க” என்று போனில் சொன்னாராம்.

அமாவாசை அன்று காலையில் மட்டும் பாய் மலை சுற்றுவார். பௌர்ணமிக்கு எள் போட்டால் எண்ணெய் ஆகிற கூட்டம். அமாவாசைக் காலையில் பாயும் அவருடைய கடப்பாரையும். வழியில் உள்ள உண்ணிச்செடிகளை வேரோடு பெயர்த்துப் போட்டுக்கொண்டே போவார். அடுத்த மழைக்கு அது பத்து மடங்காக முளைக்கும். அடுத்த அமாவாசைக்கு அவரும் முளைப்பார்.

ஒரே ஒரு வேலையை மட்டும் பாய் செய்ய மாட்டார். பந்தல் போடுவார், பிரிக்க மாட்டார். பிரிக்கிற நேரம் வந்தால் ஆட்களிடம் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டு மலையைப் பார்ப்பார். சோம்பல் என்றார்கள் சிலர். ஏதோ சகுனம் என்றார்கள் சிலர். கேட்டால், “போடற கை வேற, பிரிக்கற கை வேற, போய்யா” என்பார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சந்தோஷமான வேலை இல்லை.

சென்னையில் பார்த்த உத்தியோகம் போதும் என்று ஊருக்குத் திரும்பி, அடி அண்ணாமலையில் இருந்த அப்பா மனையில் ஆறு அறை கட்டி, யாத்திரை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு வருகிறேன். வாசற்படியை அகலமாக வைத்துக் கட்டியதற்குக் காரணம் நானே. என் சுற்றளவு அப்படி. விடுதி அழகாக இருக்க வேண்டும் என்று நர்சரியில் ‘லந்தானா’ என்று ஒரு பூச்செடி வாங்கி மதில் ஓரம் வேலியாக வைத்தேன். தொட்டியில், ஆங்கிலப் பெயர் எழுதிய அட்டையோடு வந்த செடி. மலையடிவாரத்தில் காலால் தள்ளிவிட்டுப் போகும் செடியைத்தான் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. இந்த மண்ணில் பிறந்தவன் என்று வாய் கிழியப் பேசுகிறவன் நான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சரோஜா வீடு. கணவர் இல்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம். கறுப்பும் வெள்ளையுமாக ஒரே ஒரு கலப்பினப் பசு. ஒரு வருஷம் என் விடுதியில் தங்கிப் போன வெளிநாட்டுப் பெண்மணியின் ஞாபகமாக அதற்குக் கிளாரா என்று பெயர். செங்கம் ரோட்டுக் கஃபேக்கள் மூன்றுக்கும் எனக்கும் பால் கிளாராவிடமிருந்துதான் வரும். கிளாரா படுத்தால் சரோஜா வீட்டில் அடுப்பும் படுத்துவிடும்.

அது கடுமையான கோடை. ஓர் அமாவாசைக் காலையில் என் மனைவி சொன்னாள்: “என்னங்க, ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிப் பசுவுக்குக் குடுத்துட்டு வாங்க. கொஞ்சம் புண்ணியமாவது சேரட்டும்.”

கடையில் அகத்திக்கீரை வாடி வதங்கி, அரைக் கட்டுதான் கிடைத்தது. பசுவுக்கு நேரே இவ்வளவு கஞ்சமாக நீட்டுவதா என்று கூச்சமாக இருந்தது. முந்தின நாள்தான் வேலிச்செடியைக் கத்தரித்துக் குவித்திருந்தேன். பச்சைப் பசேலென்று கிடந்தது. கூடை நிறைய அள்ளி, அகத்திக்கீரையோடு கலந்து, சரோஜா பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில் மதிலுக்கு மேலே கை நீட்டிக் கொடுத்தேன். பசியோடு இருந்த கிளாரா இரண்டையும் சேர்த்துத் தின்றது. சாப்பாட்டை மிச்சம் வைக்காதவர்களை எனக்குப் பிடிக்கும். குவியல் தீரும் வரை மூன்று நாள் காலையிலும் கொடுத்தேன். புண்ணியம் குவிகிறது என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் பால் வரவில்லை. கிளாரா தண்ணீரைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை. கண்கள் மஞ்சள். மூக்கு வெடித்து, காது வீங்கி, தோல் பாளம் பாளமாக எழுந்து நின்றது. தெருப் பெண்கள் பார்த்துவிட்டு அம்மை என்று சொல்லிவிட்டார்கள். முந்தின வருஷம் மாடுகளுக்கு அம்மை வந்து போயிருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. அம்மா வந்திருக்கும்போது மருந்து கொடுக்கக் கூடாது, உள்ளே அடைக்கக் கூடாது. வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நடு வாசலில், நல்ல வெயிலில் கட்டி வைத்து, சரோஜா பக்கத்தில் கை கூப்பி உட்கார்ந்திருந்தாள்.

கஃபேயில் பாய்க்குக் கறுப்பு டீ கொடுத்திருக்கிறார்கள். ஏன் பால் இல்லை என்று விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வண்டியிலிருந்து இறங்கியவர் கிளாராவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“யாரு இவங்கள வெயில்ல நிக்க வெச்சது?”

“அம்மா வந்திருக்கா பாய்” என்றாள் சரோஜா.

“தங்கச்சி, அம்மா வந்தா உடம்பு பூரா வருவா. இங்க பாரு, கறுப்புல ஒண்ணுமே இல்ல. வெள்ளைல மட்டும் வெந்திருக்கு. இப்படிப் பாத்துப் பாத்தா வருவா? இது வெயிலு பண்ண வேலை. டாக்டரம்மாவுக்கு போன் போடு.”

அவர் சொன்ன பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கிளாராவின் கறுப்புத் திட்டுகள் வழவழவென்று அப்படியே இருந்தன. வெள்ளை இருந்த இடமெல்லாம் ரணம்.

“உண்ணிச்செடி தின்னிருக்காங்க. எங்க மேய்ஞ்சாங்க?”

சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். “புல்லு இல்லன்னு போன வாரம் ஒரு நாளு மலைப் பக்கம் ஓட்டிகினு போனேன் பாய். நானே கெடுத்துட்டேனே, என் கையால நானே கெடுத்துட்டேனே!”

நான் மதிலுக்குப் பக்கத்தில் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவன்போல் நின்றுகொண்டிருந்தேன். உண்ணிச்செடி என்று பாய் சொல்லி, அந்த மஞ்சள், ரோஸ் பூவை அடையாளம் சொன்ன அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். நாக்கு எழவில்லை. எழாமல் இருந்ததற்கு நான் வைத்துக்கொண்டிருந்த காரணங்களை எல்லாம் இப்போது எழுதப் பார்த்தேன்; ஒன்றுகூட எழுதத் தகுந்ததாக இல்லை.

“யோவ் சார், சும்மா நிக்காம இந்தக் கயித்தப் புடிங்க” என்றார் பாய். யோவ், சார் இரண்டையும் சேர்த்துக் கூப்பிடுவதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை. கயிற்றைக் கொடுக்கும்போது என் உள்ளங்கையை ஒரு பார்வை பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். அவருக்குத் தீராத ஜலதோஷம் உண்டு.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். பார்த்ததும் பாய் சொன்னதையே சொன்னார். ஊசி, குளுக்கோஸ், வயிற்றில் இருக்கும் விஷத்தை உறிஞ்ச மருந்துக் கரித்தூள். கரித்தூளை வாளி வாளியாகக் கரைத்து, டியூப் போட்டு உள்ளே செலுத்தினார். முடிந்தபோது கிளாராவைத் தவிர நாங்கள் எல்லோருமே முழுக் கறுப்பாக இருந்தோம். “வயித்துல இருக்கற இலை இன்னும் விஷத்தை விட்டுகிட்டே இருக்கும். பிழைக்கிறதும் பிழைக்காததும் அடுத்த ஏழு நாள்ல தெரியும். வெயில் மட்டும் துளிகூடப் படக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் கட்டிய பந்தலுக்குள் பேப்பர் தெரியவில்லை, பாய் தெரியவில்லை, மாடும் தெரியவில்லை. நுழைகிற இடத்தில் மட்டும் ஒரு சந்து. துணி தீர்ந்துவிட்டது. பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இப்படி வந்து நில்லுங்க.” நின்றேன். “ஹாங், சரியா இருக்கு.” அந்தப் பக்கம் வெயில் அடிக்கிற நேரமெல்லாம் நான்தான் கதவு.

அன்று சாயங்காலமே வேலிச்செடி அத்தனையையும் தோண்டிப் பிடுங்கிக் குழியில் போட்டு மூடிவிட்டேன். மறுநாள் காலையில் பாய் வெறுமையாக இருந்த மதிலோரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு இரண்டு வாளிகளை என் கையில் கொடுத்து, “குழாயிலேர்ந்து தொட்டிக்கு. ஜாஸ்தி வேணும், கம்மியாத் தூக்காதீங்க” என்றார். தூக்கினேன். இருபத்தொரு நாள் தூக்கினேன். பத்து நடை நடந்தால் மூச்சு வாங்குகிறவன் நாளுக்கு நாற்பது நடை நடந்தேன். என் மனைவி, “உங்களுக்குள்ள இப்படி ஒரு மனசா?” என்று கேட்டாள். சரோஜா ஒருநாள் என் காலில் விழ வந்துவிட்டாள். அன்று நான் சாப்பிடவில்லை.

என் விடுதியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் கறுப்புப் பந்தலைத் தியான மண்டபம் என்று நினைத்து உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். துரத்தப் போனேன். “விடுங்க. போன் இல்லாம சும்மா உக்காந்திருக்காரு. அவங்களுக்கும் துணையா இருக்கும்” என்றார் பாய். நாலு நாள் உட்கார்ந்தார் மனிதர். பக்கத்தில் யாரோ பெரிய ஞானி மூச்சு விடுவதை உணர்ந்ததாக என்னிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை.

பந்தல் கட்டிய ஆறாம் நாள் கிளாரா தரையில் சாய்ந்துவிட்டது. தலையைத் தூக்க முடியவில்லை. டாக்டரம்மா ஊசியைப் போட்டுவிட்டு, சரோஜாவின் தோளைத் தொட்டார். பாய் உள்ளே போய் அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் சந்தில் கதவாக நின்றுகொண்டிருந்தேன். இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

“என்னம்மா, எரியுதா? தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கங்க. பந்தல யாரும் பிரிக்க மாட்டாங்க. நான் சொல்றேன் இல்ல? யாரும் பிரிக்க மாட்டாங்க.”

இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தலைப் பிரிப்பதைப் பற்றி அங்கே யாரும் பேசவே இல்லை. ஏன் அதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் என் கண்ணில் நீர் வந்தது. கதவு அழுவதை யாரும் கவனிக்கவில்லை.

ஏழாம் நாள் காலை பதினோரு மணிக்கு சரோஜா பந்தலுக்குள்ளிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தாள். எனக்கு வாளி கையிலிருந்து நழுவிவிட்டது. “சாணி போட்டுட்டா! அண்ணா, பாய், சாணி போட்டுட்டா!” என்று கத்தினாள். கரிக்கட்டை நிறத்தில் கொஞ்சூண்டு சாணி. பிள்ளை பிறந்த வீடுபோல் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. என் மனைவி சர்க்கரை கொண்டுவந்து எல்லோர் கையிலும் போட்டாள். பாய் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வெகுநேரம் மூக்கை உறிஞ்சினார்.

ஒன்பதாம் நாள் அசை போட்டது. இரண்டு வாரத்தில் வைக்கோல் கடித்தது. உரிந்த இடங்களில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது. இருபத்தோராம் நாள் டாக்டரம்மா, “இனிமே பயம் இல்ல” என்றார். பாய் வழக்கம்போல் முதுகைக் காட்டி நின்று மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நீங்க பிரிங்க சார்.”

நான் பிரித்தேன். சரோஜா ஒரு சொம்பு தண்ணீரைப் பந்தல்கால் நட்டிருந்த குழியில் ஊற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

இதெல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்னால். சென்ற மாதம் பாய்க்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. டாக்டர் கறுப்புக் கண்ணாடி கொடுத்து, கூசும் வெளிச்சம் வேண்டாம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். பாய்க்கு அது போதவில்லை. “அவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?” என்று கேட்டு, கிடங்கிலிருந்து கறுப்புத் துணியை எடுத்துவரச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். பிற்பகல் மூன்று மணிக்கு அவர் அறையின் ஜன்னல், கதவு, ஓட்டுச் சந்து எல்லாவற்றையும் அடைத்தேன். பேப்பரை விரித்துப் பிடித்தேன்.

“தலைப்பு தெரியுதா?”

“பேப்பரே தெரியல பாய்.”

“நல்லாக் கத்துகினீங்க” என்றார். அவர் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல்முறை. அந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. இருட்டில் முகம் தெரியாது என்ற தைரியமும் இருந்தது. சொல்லிவிட்டேன். லந்தானா வாங்கியது, அகத்திக்கீரையில் கலந்தது, மூன்று நாள் கூடை கூடையாகக் கொடுத்தது, மலைப் பக்கம் ஓட்டியதால் வந்தது என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டபோது சும்மா நின்றது.

 பாய், “தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“முதல் நாளு கைல முள்ளுக் கீறலு. மறுநாளு கைல நெடி. மதிலோரத்துல செடியக் காணோம். எனக்கு மூக்குல ஜலதோஷம்தான், மூக்கே இல்லன்னு யாரு சொன்னது?”

“அப்புறம் ஏன் பாய் கேக்கல?”

“கேட்டிருந்தா நீங்க மன்னிப்புக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பீங்க. எனக்கு இருபத்தொரு நாளைக்குத் தண்ணி தூக்க ஆள் வேணும்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது, அறையின் மூலையிலிருந்து இன்னொரு குரல் வந்தது.

“ரெண்டு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் கோயில்ல கன்னத்துல போட்டுகினு இருக்கேண்ணா. வாயில்லாத ஜீவன நான்தான் அந்தப் பக்கம் ஓட்டிகினு போயி வதைச்சேன்னு.”

சரோஜா. பாய்க்குப் பால் கொண்டுவந்தவள், நான் முதுகைக் காட்டி ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மூலையைக்கூட விடாமல் இருட்டாக்கியது நான்தான். நான் எழுந்து நின்றேன். “தப்பு பண்ணிட்டேம்மா. சொல்லாம இருந்தது அதவிடப் பெரிய தப்பு” என்றேன்.  சொம்பை எடுக்கும் சத்தம் கேட்டது. துணி ஒருமுறை விலகி வெளிச்சம் அடித்தது, மூடியது.

“அவ இருக்கறது உங்களுக்குத் தெரியும் இல்ல பாய்?”

“தெரியும். நீங்க இருட்டுக்குப் புதுசு. நான் அப்படியா?” அவர் புரண்டு படுப்பது கட்டில் சத்தத்தில் தெரிந்தது. “உக்காருங்க சார். நான் ஒண்ணு சொல்றேன். எனக்கு முப்பது வயசு இருக்கும். மலைக்கு அந்தாண்ட ஒரு விசேஷத்துக்குப் பந்தல் போட்டேன். எங்கேர்ந்தோ ஒரு வெள்ளைப் பசு வந்து பந்தலுக்குள்ள நின்னுகிச்சு. உடம்பெல்லாம் புண்ணு. ஓட்டுனா போவல. வெயிலுக்குப் பயந்து வந்திருக்குன்னு அந்த ஊரு டாக்டர் சொன்னாரு. மூணு நாளு நிழல்ல இருந்தா தேறிடும்னாரு. விசேஷம் முடிஞ்சுது. மறுநாளு வேற எடத்துல கல்யாணம், துணி வேணும். பிரிச்சேன். அவங்க அதே எடத்துலயே நின்னாங்க. தலைக்கு மேல பந்தல் இருக்குன்னு நெனச்சுகினு நின்னாங்க. நான் வண்டில ஏறித் திரும்பித் திரும்பிப் பாத்துகினே போனேன்.”

 ஜன்னல் ஓரத்தில் துணி லேசாக விலகியிருந்தது. எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் எனக்குப் பால் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. ஒரு வாரம் வரைக்கும் அதில் தண்ணீர் தூக்கலாக இருந்தது. நாளுக்கு நாற்பது நடை தூக்கியவன் நான். அந்தத் தண்ணீரைப் பற்றிக் கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆடை கட்டாத காபியைக் குடித்தேன். எட்டாம் நாள் பால் பழையபடி திக்காக வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அண்ணா, பாத்திரத்த எடுத்து வெச்சுக்குங்க, பூனை வந்துடப் போவுது” என்று சரோஜாவின் குரலும் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. நான் போனேன்.

பாய்க்கு இப்போது பார்வை நன்றாக இருக்கிறது. பேப்பரில் பொடி எழுத்தெல்லாம் தெரிகிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறார். போன அமாவாசைக் காலையில் கறுப்புக் கண்ணாடியும் கடப்பாரையுமாக என் வாசலுக்கு வந்து, “யோவ் சார்” என்றார். நானும் ஒரு கடப்பாரை வாங்கி வைத்திருக்கிறேன். இருவருமாக உண்ணிச்செடியைப் பெயர்த்துக்கொண்டே மலையைச் சுற்றினோம். கூசும் வெளிச்சம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அதனால் வழி முழுக்கச் சூரியன் இருக்கிற பக்கமாகவே நடந்தேன். நான் பருமனான ஆள்; நிழல் அவர் மேல் தாராளமாகவே விழுந்தது.